ஆயாவுக்கு ஜனவரி 1-ல் பிறந்தநாளா? - சிதம்பரம் டு சிங்கப்பூர்... ஒரு டூரிஸ்ட் விசாவின் கதை!

"சிங்கப்பூருக்குப் போறதுக்கு முன்னாடியே நாலு தடவ கடலூருக்குப் போயிட்டோம் பாப்பா. இதுக்கு நடந்தே போயிருக்கலாம்!"

ஆயா இப்படிச் சொன்னபோது நாங்கள் சிதம்பரம் கீழவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். பின்னால் நடராஜர் கோயிலின் கிழக்கு கோபுரம். கையில் மஞ்சப்பை. அதற்குள் ஆதார், பான் கார்டு, வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஆறு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, வெற்றிலைப் பொட்டலம். ஆயாவின் எழுபது வருட வாழ்க்கை மொத்தமும் அந்தப் பைக்குள் அடங்கிவிட்டது.

வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகள் வழக்கமாக ஏர்போர்ட்டில் தொடங்கும். எங்கள் பயணம் இந்த ஜெராக்ஸ் கடையில்தான் தொடங்கியது. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் இடையே இருக்கும் ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான், எங்களுக்குச் சிங்கப்பூரைவிட நீளமாக இருந்தது.

சிங்கப்பூரில் என் அத்தை இருக்கிறார். அங்கே நிரந்தரவாசம் வாங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு முறை வீடியோ காலில் வரும்போதும், "ஒரு தடவ வந்துட்டுப் போம்மா" என்பார். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று ஆயாவும் சொல்லிக்கொண்டே இருந்தார். போன வருடம் முழங்கால் மருத்துவர், "நடக்கணும்னு ஆசப்படற இடத்துக்கெல்லாம் இப்பவே நடந்துடுங்க" என்று சொன்ன பிறகுதான், ஆயா தானாகவே கேட்டார். "பாப்பா, பாஸ்போட்டு எடுக்க எவ்ளோ ஆவும்?"

தாத்தா வந்த 'சிதம்பரம்'

ஆயா சிங்கப்பூரைப் பார்த்ததில்லை. ஆனால், சிங்கப்பூர் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. தாத்தா அங்கே ஒரு மளிகைக்கடையில் பல வருடங்கள் வேலை பார்த்தவர். 1982-ல் ஒரேயடியாக ஊர் திரும்பினார். வந்த கப்பலின் பெயர், எம்.வி. சிதம்பரம்!

இன்றைய தலைமுறைக்கு இந்தக் கப்பலைத் தெரியாது. 1960-களில் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுக்காகக் கட்டப்பட்டு, 'பாஸ்டர்' என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்த கப்பல் இது. 1970-களின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி, 'சிதம்பரம்' எனப் பெயர் வைத்தது. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை ஓடியது. அதற்கு முன்பு, 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இதே பாதையில் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு போய் வந்தது. தஞ்சாவூர், தென்னாற்காடு பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இந்த இரண்டு பெயர்களையும் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள்.

1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் வங்கக் கடலில் தீப்பிடித்தது. பலர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றவில்லை. நாம் விமானத்துக்கு மாறிவிட்டோம்.

"சிதம்பரத்துல வந்தேன், சிதம்பரத்துக்கு வந்தேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு உங்க தாத்தா. 'அடுத்த தடவ உன்னையும் கூட்டிட்டுப் போறேன்'னாரு. அப்புறம் அவரே போவல. கப்பலும் போயிடுச்சி" என்பார் ஆயா. தாத்தா இறந்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. அவருடைய பழைய பாஸ்போர்ட் இன்னும் பீரோவில் இருக்கிறது. பேனாவால் எழுதிய பெயர், மங்கலான கறுப்பு வெள்ளைப் போட்டோ, பக்கம் முழுக்கச் சிங்கப்பூர் முத்திரைகள். ஆயா அதைப் புதுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

அம்மாளா... அம்மாவா?

விசாவுக்கு முன்பு பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு முன்பு ஒரே பெயர் வேண்டும். அங்கேதான் முதல் சிக்கல்.

ஆயாவின் ஆதாரில் பெயர் 'அம்மா' என முடிகிறது. பான் கார்டில் 'அம்மாள்'. வாக்காளர் அட்டையில் தாத்தாவின் இனிஷியல். ரேஷன் கார்டில் இனிஷியலே இல்லை. ஊரில் யாருக்கும் இது ஒரு பிரச்னையாக இருந்ததில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ இனிஷியலை அப்படியே போட முடியாது. முழுப்பெயராக விரித்து எழுத வேண்டும். பெயர் தனி, குடும்பப் பெயர் தனி. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கமே இல்லாத நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் திகைத்து நிற்கும் இடம் இது.

பான் கார்டில் இருப்பதையே மற்றவற்றிலும் வைத்துக்கொள்வது என முடிவெடுத்தோம். இ-சேவை மையத்தில் ஆதாரைத் திருத்தினோம். அதற்கே சில வாரங்கள்.

அடுத்தது பிறந்த தேதி. பான், ஆதார் இரண்டிலும் 01.01.1954. நம் வீட்டுப் பெரியவர்களில் எத்தனை பேருக்கு ஜனவரி 1-ம் தேதி பிறந்தநாள் என்று எண்ணிப் பாருங்கள். சரியான தேதி தெரியாதவர்களுக்கு யாரோ ஒருவர் போட்டுக்கொடுத்த தேதி அது.

ஆனால், ஆயாவுக்குத் தன் பிறந்தநாள் நன்றாகவே தெரியும். "ஆனித் திருமஞ்சனத்தன்னிக்குப் பொறந்தவ நான். எங்கப்பா தரிசனம் பாக்கச் சிதம்பரம் போயிருந்தாரு. திரும்பி வந்தா, நான் பொறந்து கெடக்கேன். ஜனவரி ஒண்ணு வெள்ளக்காரனுக்கு வருஷப் பொறப்பு. எனக்கு எப்படிப் பொறந்தநாளு?"

கார்டு எழுதிய அதிகாரியிடமும் இதையே சொன்னாராம். வருடம் மட்டும் போதும் என்று அவர் எழுதிக்கொண்டு போய்விட்டாராம்.

நான் பழைய பஞ்சாங்கக் கணக்கு பார்த்து, அந்த வருட ஆனி உத்திரம் ஜூலை முதல் வாரத்தில் வந்தது எனக் கண்டுபிடித்து, சில வருடங்களாக அந்தத் தேதியில் கேக் வெட்டிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கேக்தான் பின்னால் வில்லனாக வந்தது.

கடலூர் பஸ்ஸில்...

பாஸ்போர்ட் விண்ணப்பம் ஆன்லைனில். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அதில் 10 சதவிகிதம் தள்ளுபடி உண்டு. 'இதுக்கெல்லாம் சென்னைக்குப் போகணுமே' என்ற கவலை இப்போது இல்லை. 2017-ல் தொடங்கிய தபால் நிலையப் பாஸ்போர்ட் சேவை மையத் திட்டத்தில் கடலூருக்கும் ஒரு மையம் கிடைத்திருக்கிறது.

சிதம்பரத்தில் காலை பஸ் பிடித்தோம். வெள்ளாற்றுப் பாலம், பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம். பி.முட்லூரில் வலப்பக்கம் திரும்பினால் பரங்கிப்பேட்டை. கடல் கடந்து வியாபாரம் செய்தவர்களின் ஊர். பிறகு சிப்காட் ஆலைகளின் வாசம் ஜன்னல் வழியே வரும். முதுநகரைத் தாண்டினால் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட். கெடிலம் பாலத்தைக் கடந்தால் மஞ்சக்குப்பம்.

மையத்தில் வரிசை சீக்கிரமே நகர்ந்தது. போட்டோ எடுத்தார்கள். கைரேகை வைக்கச் சொன்னார்கள். அங்கே மெஷின் ஆயாவை ஏற்க மறுத்தது. ஒருமுறை, இரண்டுமுறை, ஐந்துமுறை.

ஆயா கல்யாணத்துக்கு முன்பு பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்தவர். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலை அரித்துவிடும். உடைக்கும் பெண்களின் விரல் நுனி பல வருடங்களுக்கு வழுவழுவென்றே இருக்கும். "ரேக அழிஞ்சிபோச்சி தம்பி. வேற எதாவது பாத்துக்கோ" என்று ஆயா கையை நீட்டினார். அந்தத் தம்பி பொறுமையாக ஈரத்துணியால் விரல்களைத் துடைத்துவிட்டு, மெல்ல அழுத்திப் பதிவு செய்தார். எழுந்துகொள்ளும்போது ஆயா அவருக்கு நெற்றியில் கை வைத்துத் திருஷ்டி கழித்தார்.

"பத்தாவது படிச்சிருக்கீங்களா?" என்ற கேள்வியும் வந்தது. பத்தாவது தேறாதவர்கள் வேலைக்காகச் சில நாடுகளுக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற முறை இருக்கிறது. 50 வயது தாண்டியவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. "வயசாவறதுலயும் ஒரு லாபம் இருக்குது பாரு" என்றார் ஆயா.

வேலை முடிந்து தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போனோம். அருகில்தான் செயின்ட் டேவிட் கோட்டை. 1690-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியர்களிடமிருந்து வாங்கியது. எவ்வளவு நிலம் என்பதைப் பீரங்கியால் அளந்தார்கள். கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ, அதுவரை அவர்களுடையது! குண்டு உப்பலவாடி, குண்டுசாலை எனக் கடலூரில் இன்றும் அந்தக் குண்டுகள் பெயரில் விழுந்து கிடக்கின்றன.

ஆயாவிடம் இதைச் சொன்னேன். "அவன் குண்டு போட்டா எல்ல. நாம காயிதம் குடுத்தாலும் உள்ள வுட மாட்டேங்கறான்" என்றார், கடலைப் பார்த்தபடி. அதற்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இந்தியாவில் பாஸ்போர்ட் என்பதே முதல் உலகப் போர் சமயத்தில்தான் கட்டாயமானது. 1920-ல்தான் சட்டமாக வந்தது. வந்து நூறு வருடங்கள்தாம் ஆகின்றன.

போலீஸ் விசாரணை வீட்டு வாசலில் ஒரு டீயோடு முடிந்தது. சில நாள்களில் ஸ்பீடு போஸ்ட்டில் கருநீலப் புத்தகம் வந்தது. ஆயா அதைச் சாமி படத்துக்கு முன் வைத்துவிட்டு, பிறகு தாத்தாவின் பாஸ்போர்ட்டின் மேல் வைத்தார்.

நான் செய்த தப்பு

சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். நாமே நேரடியாகத் தூதரகத்தில் போய் நிற்க முடியாது. இரண்டு வழிகள். ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட விசா ஏஜென்ட். இரண்டு, அங்கே குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ள உறவினர், தங்கள் அரசுக் கணக்கு வழியாக ஆன்லைனில் விண்ணப்பிப்பது. அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். கிடைக்காவிட்டால் திரும்ப வராது.

அத்தைக்கு வேலை நெருக்கடி. அதனால், ஒரு ஏஜென்ட் மூலம் கொடுத்தோம். 14ஏ படிவம், அத்தையின் அறிமுகக் கடிதப் படிவம், பாஸ்போர்ட் நகல், வெள்ளைப் பின்னணியில் 35-க்கு 45 மில்லிமீட்டர் போட்டோ. படிவத்தை நானே கீழவீதி ஜெராக்ஸ் கடை மேஜையில் வைத்து எழுதினேன். பக்கத்தில் ஆயா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

சில நாள்களில் பதில் வந்தது. நிராகரிப்பு. காரணம் சொல்லவில்லை.

வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. ஆயாதான் முதலில் பேசினார். "வுடு பாப்பா. எனக்கு அந்தத் தண்ணி ஒத்துக்காதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு." அன்று இரவு பீரோவைத் திறந்து, இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் புடவைக்கு அடியில் தள்ளி வைத்தார். இனிமேல் எடுக்கப் போவதில்லை என்பதுபோல.

மறுநாள், நான் வைத்திருந்த படிவ நகலை எடுத்துப் பார்த்தேன். பிறந்த தேதிக் கட்டத்தில் என் கையெழுத்தில் ஜூலை மாதத் தேதி! நான் கேக் வெட்டும் தேதி. பாஸ்போர்ட்டில் இருப்பதோ 01.01.1954. அடுத்தவர்கள் எழுதும் செய்தியில் தேதி சரியா என்று பார்த்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் ஆயாவின் பிறந்த தேதியை மட்டும் பாஸ்போர்ட்டைப் பார்க்காமல், மனசைப் பார்த்து எழுதியிருக்கிறேன். ஏஜென்ட்டும் சரிபார்க்கவில்லை. நிராகரிப்புக்கு அதுதான் காரணமா என்று யாரும் எங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஆனால், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நீ எழுதுனதுதான் நெசம். அவன் பொஸ்தகத்துலதான் தப்பு" என்றார். பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்ல. அந்த ஊருக்கு மட்டும் ஜனவரிலயே பொறந்துக்கறேன். எழுதிக் குடு" என்றார்.

இரண்டாவது முறை

இந்த முறை அத்தையே லீவு போட்டு அங்கிருந்து ஆன்லைனில் விண்ணப்பித்தார். நான் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போனில் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். பிறந்த தேதி வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில், "ஜனவரி ஒண்ணு" என்று சொல்லிச் சிரித்தோம். நான்காம் நாள் காலை அத்தையின் வாட்ஸ்அப். ஒரு பி.டி.எஃப். இ-விசா!

அதே ஜெராக்ஸ் கடையில் கலர் பிரின்ட் எடுத்தோம். பத்து ரூபாய். கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். "மொதல் தடவ கிடைக்காதப்ப இந்தம்மா மொகத்தப் பாத்தங்க" என்றார்.

பக்கத்துத் தெரு ஓட்டலில் இட்லியும் கொத்சுவும் சாப்பிட்டோம். ஆயா விசாவை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். எண்ணெய் பட்டுவிடும் என்று நான் வாங்கப் பார்த்தேன். கொடுக்கவில்லை.

நீங்கள் கிளம்பும் முன்...

எங்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் இருப்பதே சரி. எழுத்துப்பிழை இருந்தால், பாஸ்போர்ட்டைத் திருத்திய பிறகுதான் விசா. பாஸ்போர்ட் காலாவதியாகக் குறைந்தது ஆறு மாதங்களாவது மீதி இருக்க வேண்டும். பெரியவர்கள் இருக்கும் வீடுகளில், பயணத் திட்டம் இல்லாவிட்டாலும் ஆதார், பான், வாக்காளர் அட்டைகளில் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

விசா கையில் இருந்தாலும், உள்ளே விடுவது அங்கே இறங்கியதும் அதிகாரி எடுக்கும் முடிவு. திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி, உறவினரின் போன் நம்பர் மூன்றையும் தாளில் எழுதிப் பெரியவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். சிங்கப்பூர் போகிறவர்கள் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் 'வருகை அட்டை'யை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல.

எல்லா நாட்டுக்கும் ஒரே விதி இல்லை. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு 30 நாள்கள் வரை விசா இல்லாமல் அனுமதி தருகிறது. 2026 இறுதிவரை இந்தச் சலுகை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அங்கும் டிஜிட்டல் வருகை அட்டை உண்டு. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விதிகள் அடிக்கடி மாறும் என்பதால், டிக்கெட் போடும் முன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக, பெட்டி. சிங்கப்பூரில் மெல்லும் புகையிலைக்குத் தடை. சூயிங்கம்மும் கூடாது. நம் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் கசகசாவும் அங்கே தடை செய்யப்பட்ட பொருள்! குருமாவுக்கு என்று அம்மாக்கள் கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தைக் கட்டாயம் பிரித்துப் பாருங்கள்.

ஆயாவிடம் புகையிலை விஷயத்தைச் சொன்னபோதுதான், பயணமே ரத்தாகிவிடுமோ என்று பயந்தேன். வெகுநேரம் யோசித்தார். "எத்தினி நாளு?" என்றார். "முப்பது நாள்." "அம்பது வருசமா உங்க தாத்தாவுக்காக வுடாதத, எம் பொண்ணுக்காக வுடறேன்."

திருச்சியிலிருந்து இரவு விமானம். பெட்டியில் பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ, முறுக்கு, அப்பளம். கைப்பையில் பாஸ்போர்ட், விசா பிரின்ட். செக்-இன் வரிசையில் நின்றபோதுதான் கவனித்தேன். பையில் தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டும் இருந்தது.

"ஆயா, இது எதுக்கு? இது செல்லாது."

"எனக்குத் தெரியாதா? விசா எனக்குத்தான். அவரு சும்மா கூட வராரு" என்றார் ஆயா.

வரிசை நகர்ந்தது. கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பர்த் டே ஜனவரி ஃபர்ஸ்ட்டா பாட்டி?" என்று கேட்டார்.

ஆயா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆமாம்மா" என்றார்.